பாடியவர் வேட்பாளரான காலம்

1958-ஆம் ஆண்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கமும் இரண்டு பாட்டுக்காரர்கள் சட்டமன்றத்துக்கு மிக அருகில் வந்தார்கள். சென்னையில் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். மாநில அவை ஒன்றில் இடம்பெற்ற முதல் இந்தியத் திரைக் கலைஞர் என்று அவரைச் சொல்வது வழக்கம். மலைக்கு மேலே தேவிகுளத்தில், பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் ஓர் இடைத்தேர்தலுக்காகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் பாடிக்கொண்டிருந்தார். சுந்தராம்பாள் தனக்கென்று யாரிடமும் ஓட்டுக் கேட்காமலே அவைக்குள் போனார். பாவலர் ஊர் ஊராக ஓட்டுக் கேட்டார். உள்ளே போனது வேறொருவர். இவற்றோடு மூன்றாவதாகவும் ஒரு வழி அன்று இருந்தது. பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் தங்களுக்குள் வாக்களித்து மேலவைக்கு ஆள் அனுப்பும் ஆசிரியர் தொகுதி அது.

இன்று தமிழ்நாட்டில் பாடுவதும் கற்பிப்பதும் தொழிலாகக் கொண்ட ஒருவர் சட்டமன்றம் போக வேண்டுமானால், எல்லோரையும் போல 234 தொகுதிகளில் ஒன்றில் மனுத்தாக்கல் செய்து, நின்று, வெல்ல வேண்டும். மக்களிடம் நேரே போய் நிற்கும் கௌரவமான வழி அது. அதில் ஒரு பாட்டு டீச்சரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று கேட்கும்போதுதான், பழைய வழிகளை மறுபடி எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

தேவிகுளத்துக் கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அடுத்த ஆண்டுத் தேர்தலில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் கட்சி அங்கே ஆட்சி அமைத்தது. மொத்த இடங்கள் 126. கட்சிக்குக் கிடைத்தவை 60. ஆதரித்த சுயேச்சைகள் 5 பேர். பெரும்பான்மைக்கு 64 வேண்டும், கையில் இருந்தது 65. இந்த நூலிழைக் கணக்கில், தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எதிர்த்தரப்பு வேட்பாளரின் மனுவைத் தள்ளுபடி செய்தது தவறு என்பது காரணம். அப்படி வந்ததுதான் 1958 இடைத்தேர்தல். ஒரு மலைத் தொகுதியின் முடிவை டெல்லியும் கவனித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தேர்தலுக்குத்தான் பாவலர் குழு மலையேறிப் போனது. கேட்க உட்கார்ந்தவர்கள் லயத்து வீடுகளிலிருந்து வந்த கொழுந்து பறிக்கும் பெண்கள், கவாத்து வெட்டும் ஆண்கள். பலருக்கு எழுத்து தெரியாது. சினிமா மெட்டு நன்றாகவே தெரியும். தெரிந்த மெட்டில் தெரியாத அரசியலை ஏற்றிப் பாடுவது பாவலரின் கைவந்த கலை. மெட்டு ஏற்கெனவே மனப்பாடம் என்பதால் புதுச் சொற்கள் ஒரே இரவில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் கொழுந்துக்கூடை முதுகில் இருக்க அதே வரிகள் தோட்டத்தில் கேட்கும். இதைப் பிரசாரம் என்று சொல்வதைவிடப் பாடம் நடத்தியது என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒரு நல்ல ஆசிரியர் செய்வதைத்தான் அவர் செய்தார்: மாணவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினார்.

அந்தக் காலத்து வாக்குப்பதிவு முறையும் பாட்டுக்கு வேலை கொடுத்தது. முதல் இரண்டு பொதுத் தேர்தல்களில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியே வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் சின்னம் இருக்கும். வாக்காளர் சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போய், தனக்குப் பிடித்தவரின் பெட்டியில் போட வேண்டும். சீட்டில் முத்திரை குத்தும் முறை அதன் பிறகுதான் வந்தது. உள்ளே உதவிக்கு ஆள் கிடையாது. வரிசையாக இருக்கும் பெட்டிகளுக்கு முன்னால் முதன்முறை நிற்கும் ஒரு பெண்ணுக்கு, நேற்றிரவு கேட்ட பாட்டில் வந்த சின்னம் ஞாபகத்துக்கு வர வேண்டும். பாட்டு எழுதியவரின் கவலை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இ.எம்.எஸ்.ஸே பாராட்டியதாக அந்தக் குடும்பத்தார் நினைவுகூர்வதுண்டு. அண்ணனின் குழுவில் பாடிப் பழகிய தம்பி பின்னாளில் இளையராஜா ஆனார். கடைசித் தம்பி கங்கை அமரன்.

ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2017-இல், அந்தக் கடைசித் தம்பி சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் வேட்பாளராக நின்றார். கட்சி வேறு, அண்ணன் பாடிய கொள்கைக்கு எதிர்முனையில் இருப்பது. இங்கே நான் பார்ப்பது அதை அல்ல. ஜெயலலிதா மறைவால் காலியான தொகுதி அது. ஏப்ரல் 12-ஆம் தேதி வாக்குப்பதிவு என்று அறிவித்திருந்தார்கள். ஏப்ரல் 7-ஆம் தேதி வருமான வரித் துறையினர் சோதனை நடத்தினார்கள். வாக்காளர்களுக்குப் பணம் பிரித்துக் கொடுத்த கணக்கு சிக்கியதாகச் செய்தி வந்தது. 89 கோடி ரூபாய் என்றன பத்திரிகைகள். வாக்குப்பதிவுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. பாட்டெழுதி இசையமைத்த ஒருவர் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காரணத்தால் களத்திலிருந்து திரும்பினார். டிசம்பரில் தேர்தல் மறுபடி நடந்தபோது அவர் கட்சி வேறொருவரை நிறுத்தியது.

ஒரே குடும்பம், இரண்டு இடைத்தேர்தல்கள். 1958-இல் அண்ணன் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. அவர் பாட்டு ஆயிரக்கணக்கானோர் வாயில் இருந்தது. 2017-இல் தம்பி பெயர் வேட்பாளர் பட்டியலில் இருந்தது; அந்தத் தேர்தலைப் பற்றி இன்று யாரைக் கேட்டாலும் ரூபாய்க் கணக்கைத்தான் சொல்வார்கள். முதல் இடைத்தேர்தல் வந்தது ஒரு மனுவைத் தவறாகத் தள்ளியதால். இரண்டாவது நின்றுபோனது பணத்தால். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே நாகூர் ஈ.எம். ஹனிபா நிற்கிறார். திராவிட முன்னேற்றக் கழக மேடைகளில் தலைவர் வரும்வரை கூட்டத்தைக் கட்டிவைத்த குரல் அவருடையது. அன்றைய கூட்டங்கள் நள்ளிரவைத் தாண்டும். தலைவரின் கார் வழியில் நாலு ஊரில் நின்று நின்றுதான் வரும். பதினோரு மணிக்குச் சிறுவர்கள் மணலில் படுத்துத் தூங்க, பெரியவர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கக் காரணம் பாட்டு. அப்படிப் பாடிய ஹனிபா 1957-இல் நாகப்பட்டினத்தில் வேட்பாளராக நின்று தோற்றார். பிறகு மேலவை உறுப்பினராக இருந்தார். 2002-இல் வாணியம்பாடி இடைத்தேர்தலில், எழுபதைக் கடந்த வயதில், மறுபடி மக்களிடம் போனார், மறுபடி தோற்றார். நேரடித் தேர்தல் இரண்டு முறை கொடுக்காததை மேலவை ஒருமுறை கொடுத்தது. பாட்டுக்குக் கூடுகிற கூட்டம் பாடியவருக்கே ஓட்டாக மாறும் என்பதற்கு உத்தரவாதம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

சுந்தராம்பாளுக்கும் அந்த மேலவைதான் இடம் தந்தது. கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைச் சேலைக்கு மாறி மேடையை விட்டு ஒதுங்கியிருந்தவரைக் காங்கிரஸ் கூட்டங்களில் பாட அழைத்து வந்தவர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. 1935-இல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கியவர் சுந்தராம்பாள். அந்தக் குரலைக் கட்சிக் கூட்டத்தில் காசில்லாமல் கேட்கலாம் என்றால் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? இன்னும் துயரமான ஒரு வழியும் அன்று இருந்தது. மேடையில் தேசப் பாட்டுப் பாடியதற்காகவே விஸ்வநாததாஸ் பலமுறை சிறை போனார். 1940 டிசம்பர் கடைசி நாளில் சென்னையில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் உயிரை விட்டார். அவரைப் போன்றவர்கள் உட்கார ஓர் அவையும் வாக்குரிமையும் வருமுன்பே அந்தத் தலைமுறையில் பலர் போய்விட்டார்கள்.

மேலவையைப் பற்றி இன்றைய இளைஞர்களுக்குச் சொன்னால் கதை போலக் கேட்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 171-ஆவது பிரிவு அதன் அமைப்பைச் சொல்கிறது. மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மூன்றில் ஒரு பங்கைச் சட்டமன்ற உறுப்பினர்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்களுக்கு. மீதியை ஆளுநர் நியமிப்பார்: இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகியவற்றில் சிறந்தவர்களை. தமிழ்நாட்டு மேலவையில் 63 இடங்கள். ஆசிரியர்களுக்கு 6, நியமனத்துக்கு 9. ஆக, ஒரு கலைஞர் நுழைய ஒரு கதவு, ஓர் ஆசிரியர் நுழைய இன்னொரு கதவு. இரண்டுமாக இருந்தவருக்கு, ஏட்டளவிலாவது, இரண்டு கதவுகள்.

ஆசிரியர் தொகுதி வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியர் க. அன்பழகன் 1957-இல் எழும்பூரில் நின்று சட்டமன்றம் போனார். 1962-இல் மேலவைக்குப் போனது ஆசிரியர் தொகுதி வழியாக. அந்தத் தேர்தலில் வாக்காளர் சீட்டில் சின்னம் தேட மாட்டார். வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுதுவார். இரண்டாவது விருப்பமும் எண்ணப்படும் என்பதால், வேட்பாளர் எதிராளியின் ஆதரவாளரிடமும் மரியாதையாகப் பேசியாக வேண்டும். ஓர் ஊரின் தலைமையாசிரியர் அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து சம்பள விகிதம், ஓய்வூதியம், பாடநூல் என்று கேள்வி கேட்பதுதான் அங்கே பிரசாரக் கூட்டம். ஒலிபெருக்கிக்கு வேலையே இல்லை.

இதையெல்லாம் சொல்லும்போது அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனத்தில் மூன்று ஆண்டு கற்பித்தவருக்குத்தான் அங்கே வாக்கு. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இல்லை. வீட்டுத் திண்ணையில் நாற்பது ஆண்டு வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுத்த வித்துவானுக்கு இல்லை. தவில் கற்றுத் தந்தவருக்கு இல்லை. பறை கற்றுத் தந்தவரை ஆசிரியர் என்று அன்று எந்தப் பட்டியலும் ஏற்றதில்லை. நியமனக் கதவோ ஆட்சியில் இருப்பவர் கையில் இருந்தது. பட்டதாரி தொகுதியில் நிற்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி சென்னைப் பட்டதாரி தொகுதி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வரை போனது. அவசியமில்லை, வாக்களிப்பவர் பட்டதாரியாக இருந்தால் போதும் என்று 1972-இல் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் எழுத்துப்படி அது சரியாக இருக்கலாம். அந்தத் தொகுதிகள் எதற்காக வைக்கப்பட்டனவோ அந்த நோக்கம் அன்றே பாதி கரைந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1986-இல், ஒரு திரைக் கலைஞரை மேலவைக்குக் கொண்டுவரும் முயற்சியில் எழுந்த சர்ச்சைக்குப் பின், மேலவையைக் கலைக்கும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நவம்பர் 1-ஆம் தேதியோடு அது இல்லாமல் போனது. கடைசித் தலைவர் ம.பொ. சிவஞானம். கலைஞருக்கென்று இருந்த கதவு, ஒரு கலைஞரின் நியமனப் பிரச்சினையிலேயே மூடிக்கொண்டது. 2010-இல் மேலவையை மீண்டும் அமைக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2011 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. இன்று கலைஞருக்கான நியமனம் என்றால் அது டெல்லி மாநிலங்களவையில்தான். 2022-இல் இளையராஜா அப்படித்தான் போனார். 1958-இல் தேவிகுளத்து மேடைகளை அறிந்த வீட்டுக்கு நாடாளுமன்றம் வந்து சேர அறுபத்துநான்கு ஆண்டுகள் ஆயின.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு பாட்டு டீச்சர் சட்டமன்றத் தேர்தலில் நிற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிரந்தரப் பணியில் இருந்தால் முதலில் வேலையை விட வேண்டும். அரசு ஊழியர் நடத்தை விதிகள் வேறு வழி விடவில்லை. இசை சொல்லிக்கொடுப்பவர்களில் பலருக்கு அந்த நிரந்தரப் பணியும் இல்லை. 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். அது படிப்படியாக ஏறி 2024-இல் 12,500 ஆனது. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பது அவர்களின் நெடுநாள் குறையாக இருந்தது.

முதல் பொதுத் தேர்தலின்போது சட்டமன்ற வேட்பாளருக்கு வைப்புத் தொகை 250 ரூபாய். இன்று 10,000, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குகூட வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. 2024-ஆம் ஆண்டுச் சம்பளக் கணக்கில், பகுதிநேரப் பாட்டு ஆசிரியர் ஒருவர் மனுத்தாக்கல் செய்தாலே ஒரு மாதச் சம்பளத்தில் மிச்சம் 2,500. வேட்பாளர் செலவு உச்சவரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். அந்தத் தொகையை அவர் சம்பளத்திலிருந்து சேர்ப்பதானால், ஒரு பைசா வீட்டுக்குச் செலவிடாமல், ஆண்டுக்குப் பதினோரு மாதச் சம்பளக் கணக்கில், இருபத்தொன்பது ஆண்டு ஆகும். உச்சவரம்பு வரை செலவழிக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லைதான். ஆனால் அந்த வரம்பை எட்டக்கூடிய நாலு பேரோடு ஒரே தெருவில் அவர் ஓட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

மனுவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பொதுத் தேர்தலில் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். இன்று அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், அனைவரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். கூடவே படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரம். வழக்குகள், நகை, வங்கிக் கணக்கு, நிலம், கடன், வருமான வரி விவரம், கல்வித் தகுதி என்று பக்கம் பக்கமாகப் போகும். நான் இந்தப் படிவத்தை மதிக்கிறேன். 1957-இல் ஒரு மிராசுதாரின் கடன் எவ்வளவு, வழக்கு எத்தனை என்று கேட்க எந்த வாக்காளருக்கும் வழியில்லை. இன்று எவரும் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் படிவத்தில் ‘தொழில்’ என்றொரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலானோர் அங்கே விவசாயம் என்றோ வியாபாரம் என்றோ எழுதுகிறார்கள். ‘இசை ஆசிரியர்’ என்று ஒருவர் எழுதுவதை நான் பார்க்க ஆசைப்படுகிறேன். எழுதியபின், சுயேச்சைகளுக்கான சின்னங்களின் பட்டியலில் ஆர்மோனியமும் இருப்பது அவருக்குத் தெரியவந்தால் இன்னும் நல்லது.

பாட்டின் நிலைமையும் மாறியிருக்கிறது. அன்று மாட்டுவண்டியையோ லாரியையோ நிறுத்தி மேடையாக்கி, ஆர்மோனியமும் தபேலாவும் ஏற்றி, ஊர்ப் பெயரையும் அன்றைய சேதியையும் அங்கேயே பாட்டில் சேர்த்துப் பாடினார்கள். ஓடைப்பட்டியில் பாடியது கூடலூரில் கொஞ்சம் மாறியிருக்கும். இன்று ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு முறை பாடி, பென் டிரைவில் ஏற்றி, மாநிலம் முழுக்க எல்லா ஆட்டோவிலும் ஒரே நாளில் ஓட விடுகிறார்கள். அதன் பலன் பெரியது: தூத்துக்குடி மீனவர் குடியிருப்பும் கூடலூர் மலைக் காலனியும் ஒரே பாட்டைக் கேட்கின்றன. பாடியவருக்கு ஊதியம் கிடைக்கிறது. பாவலர் காலத்தில் இரவுச் சாப்பாடும் பஸ் செலவும் கிடைத்தால் பெரிது. இழந்தது என்னவென்றால், கேட்பவர் முகத்தைப் பார்த்து வரியை மாற்றும் அந்தக் கணம். தலைக்கு மேல் ஒலிக்கும் பாட்டிடம் யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. ஆட்டோ அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடும்.

கட்டுப்பாடுகளும் உண்டு, பெரும்பாலும் நல்லவை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. தொலைக்காட்சியிலோ சமூக ஊடகத்திலோ விளம்பரமாக வரும் பாட்டுக்கு முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். பந்தல், நாற்காலி, மைக் செட், வாகனம் எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப் பட்டியல் வைத்து வேட்பாளர் கணக்கில் எழுதுகிறது. பாடியதற்காகச் சிறையில் தள்ளிய அரசிலிருந்து, பாட்டுக்குச் சான்று கேட்கும் ஆணையத்துக்கு வந்திருக்கிறோம். மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம். விஸ்வநாததாஸுக்கு அந்த வசதி இல்லை.

பாடகர்களே நின்று வென்ற கதைகள் இந்த மாற்றத்தின் நல்ல பக்கம். 1996-இல் டி. ராஜேந்தர் சென்னை பூங்காநகரில் வென்றார். 2021-இல் கேரளத்தின் அரூரில் பின்னணிப் பாடகி தலீமா, அப்போதைய சட்டமன்ற உறுப்பினரைத் தோற்கடித்து உள்ளே போனார். அதற்கு முன்பே அவர் ஆலப்புழை மாவட்டப் பஞ்சாயத்தின் துணைத்தலைவர். உள்ளாட்சியில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வந்தபின் பிறந்த வழி அது. சுந்தராம்பாள் காலத்தில் கற்பனையிலும் இல்லாதது. மேலவைக் கதவு மூடிய இடத்தில், ஊராட்சிக் கதவு ஒன்று அகலமாகத் திறந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். பாட்டைப் பற்றிய தயக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. 2019-இல் ஆலத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் ரம்யா ஹரிதாஸ் மேடைகளில் பாடி ஓட்டுக் கேட்டபோது, வேட்பாளர் பாடலாமா, அரசியல் பேச வேண்டாமா என்று ஒரு விவாதமே நடந்தது. அவர் பெரிய வித்தியாசத்தில் வென்றார். 2024-இல் சேலக்கரை சட்டமன்ற இடைத்தேர்தலில் அதே குரலோடு நின்று தோற்றார். பாவலர் பாடியபோது அதுவே அரசியல் என்று கேட்டவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பாட்டும் பள்ளிக்கூடமும் ஒருவரிடமே சேர்ந்த கதைக்கு நான் தெலங்கானாவைத்தான் காட்டுவேன். ரசமயி பாலகிஷன் ஆசிரியராகப் பணியாற்றியவர், பாடகர். 2002 முதல் தனி மாநிலக் கோரிக்கைக்காக ‘தூம் தாம்’ என்ற பாட்டு மேடைகளை நடத்தியவர்களில் முன்னணியில் இருந்தவர். காலில் சலங்கை, தோளில் கம்பளி, கையில் தப்பு. ஊர்ச் சந்தியில் கூடிய கூட்டத்துக்கு ஆற்றுநீர்ப் பங்கீட்டையும் வேலைவாய்ப்பையும் பாட்டாகவே சொன்னார்கள். மாநிலம் பிறந்த 2014-இல் அவர் பட்டியல் சாதியினருக்கான மானகொண்டூர் தனித்தொகுதியில் நின்று வென்றார். 2018-இல் மீண்டும் வென்றார். 2023-இல் தோற்றார். தேவிகுளத்தில் பாவலர் குழு செய்த வேலையை ஒத்த வேலைதான் தூம் தாம் மேடைகளும் செய்தன. ஆனால் அவற்றின் பாடகருக்குக் கட்சி சீட்டுக் கொடுத்தது. தனித்தொகுதி ஏற்பாடு இடம் கொடுத்தது. மக்கள் இரண்டு முறை ஓட்டுக் கொடுத்தார்கள், மூன்றாவது முறை மறுத்தார்கள். மறுக்கப்படுவதும் வேட்பாளர் என்ற தகுதியில் அடங்கியதுதான். பாவலர் தலைமுறையில் பலருக்கு அந்தத் தோல்விக்கான வாய்ப்புகூட வாய்க்கவில்லை.

பழைய கதவுகள் இரண்டும் தெலங்கானாவில் இன்னும் இருக்கின்றன. இந்தியாவில் மேலவை உள்ள ஆறு மாநிலங்களில் அதுவும் ஒன்று. மக்கள் கவியும் பாடகருமான கோரேட்டி வெங்கன்னா 2020-இல் ஆளுநர் நியமனத்தில் மேலவை உறுப்பினரானார். சுந்தராம்பாள் போன அதே வழி. ஆசிரியர் தொகுதிகளும் இருக்கின்றன. மானகொண்டூர் இருக்கும் கரீம்நகர் பகுதியை உள்ளடக்கிய ஆசிரியர் தொகுதிக்கு 2025 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. ஆசிரியர்கள் பழைய முறைப்படியே சீட்டில் 1, 2, 3 என்று எழுதி வாக்களித்தார்கள். வென்றவர் கல்வி நிறுவனங்களை நடத்துபவர். சட்டப்படி அதில் தவறில்லை. 1972 தீர்ப்பின் வழியில் போனால், வாக்களிப்பவர் ஆசிரியராக இருந்தால் போதும். தமிழ்நாட்டில் மேலவை திரும்ப வர வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த முடிவையும் பார்க்க வேண்டும். ஆசிரியருக்கென்று ஒதுக்கிய தொகுதியில் வகுப்பறையில் நிற்பவரே நிற்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டால், உள்ளூர்ப் பள்ளியின் பகுதிநேரப் பாட்டு டீச்சருக்கும் அதில் வாக்குரிமையும் போட்டியிடும் உரிமையும் கிடைத்தால், அந்தக் கோரிக்கையை நானும் ஆதரிப்பேன்.